ஓசோனில் விட்டுப்போன இரண்டு புள்ளிகள்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். இரண்டு பேரும் வேதியியல் படித்தவர்கள். இளைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாமியார் மூத்தவளைக் கூப்பிட்டு, "உன் படிப்புதான் அந்தப் பொண்ணும் படிச்சிருக்காளாம். உனக்குப் பேச்சுத் துணையாச்சு" என்றார். மூத்தவளும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினாள். அதுவரை அந்த வீட்டில் சமன்பாடு தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதை அவள் ஒரு பெருமையாக நினைத்ததே கிடையாது. பங்குக்கு ஆள் வந்த பிறகுதான் அது தெரிந்தது.

மூத்தவள் பதினோரு வருடமாக மாடி அறையில் டியூஷன் எடுத்துவந்தாள். மூன்று நீள பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை, ஓரமாக ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவளை டீச்சரம்மா என்பார்கள். லூயிஸ் அமைப்பு வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூலக்கூறில் இருக்கும் எல்லா அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் முதலில் கூட்டு. அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே பிணைப்புக்கோடு போடு. கோட்டுக்கு இரண்டு வீதம் கழி. மிச்சத்தை ஓரத்து அணுக்களைச் சுற்றி இரண்டிரண்டு புள்ளியாக வை. அப்புறமும் மிஞ்சினால் நடு அணுவின் தலையில் வை. யாரோடும் பங்கு போடாமல் இப்படி அணுவின் மேலேயே நிற்கும் புள்ளி ஜோடிக்குத் தனி இணை என்று பெயர், ஆங்கிலத்தில் லோன் பேர். வரைந்து முடித்ததும் ஒருமுறை மொத்தமாக எண்ண வேண்டும். எண்ணாமல் நோட்டை நீட்டினால் டீச்சரம்மா அதைத் திறக்கக்கூட மாட்டாள்.

இளையவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வந்து நாலைந்து மாதம் வரை மாடிப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் மூத்தவளுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அப்போது பார்த்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சரம்மா, லோன் பேர் லோன் பேர்னு சொல்றீங்களே, லோன் யார் பேர்ல?" என்று கேட்டான். அறை முழுக்கச் சிரிப்பு. மூத்தவள், "வாயை மூடிக்கிட்டு எண்ணு" என்றாள்.

வாசலில் நின்ற இளையவளும் சிரித்துவிட்டாள். "யார் பேர்லயும் இல்லப்பா. அது கடனே குடுக்காத ஜோடி. மத்த எலக்ட்ரான் எல்லாம் பக்கத்து அணுவோட பங்கு போட்டுக்கும். இதுங்க ரெண்டும் பங்கு போடாம தன் வீட்லயே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். காலை நீட்டினா இடம் அடைக்குமா இல்லையா? அதான் தண்ணியில ரெண்டு ஹைட்ரஜனும் நேரா நிக்க முடியாம ஒரே பக்கமா ஒதுங்கி நிக்குது. ரெண்டு ஜோடி உட்கார்ந்திருக்கு பாரு, மேல."

அந்தப் பையன் தன் படத்தைக் குனிந்து பார்த்து, "அட, ஆமா" என்றான்.

பதினோரு வருடத்தில் யாரும் அந்த அறையில் "அட, ஆமா" என்று சொன்னதில்லை. சரியாகப் போட்டிருக்கிறார்கள், மார்க் வாங்கியிருக்கிறார்கள், பெரிய பெரிய கல்லூரிகளில் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அட என்று ஒருவரும் சொன்னதில்லை. மூத்தவள் தேநீரை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். வகுப்பு முடிந்து பார்த்தபோது அது ஆடை கட்டிக் கிடந்தது.

அடுத்த வாரம் இரண்டு பேர், "இன்னைக்குச் சின்ன மிஸ் வருவாங்களா?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் கேட்காமலே மூன்று பெண்கள் கீழே போய் இளையவளிடம் சந்தேகம் கேட்டுவிட்டு வந்தார்கள்.

"அவளும் ஒரு பேட்ச் எடுத்தா உனக்குப் பாரம் குறையுமே" என்றான் மூத்தவளின் கணவன்.

"எனக்குப் பாரமா இருக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

தம்பி பெண்டாட்டி விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவன் தயாராக இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிப்பகத்துக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய மூத்த மகள் ஆறு வருடத்துக்கு முன்னால் மாடியில் படித்தவள். வேதியியல் பிணைப்புக்கென்று தனியாக ஒரு பயிற்சிப் புத்தகம் போடப்போகிறார், அது விஷயமாகப் பேச வந்திருக்கிறார் என்று மாமியார் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார். மூத்தவள் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு, நல்ல உடையாக மாற்றிக்கொண்டு, பழைய குறிப்பு நோட்டுகள் நாலைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். மகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சின்னவங்க வீட்ல இல்லீங்களா? என் ரெண்டாவது பொண்ணு பள்ளிக்கூடத்துல அவங்ககிட்டதான் படிக்கிறா. ஒரே புகழ் புராணம்" என்றார்.

"கூப்பிடறேன்" என்றாள் மூத்தவள். நோட்டுகள் கையில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

இளையவள் ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினாள். படங்களையெல்லாம் கையால் வரைந்துகொடுத்தாள். அச்சகத்தில் கணினியில் ஏற்றி, தொண்ணூற்றாறு பக்கத்தில் பிழை பார்ப்பதற்கான மெய்ப்பு வந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிக்கு வந்தாள்.

"அக்கா, நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஆனா எழுதின கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. நீங்க ஒரு தடவை எண்ணிட்டீங்கன்னா எனக்குத் தைரியம். உங்க கண்ணுல ஒரு புள்ளி தப்பாது."

மூத்தவள் மறுநாள் மத்தியானம் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். மனதில் என்ன இருந்தாலும் வேலை என்று வந்தால் அவள் கறார். அம்மோனியா, எட்டு. கார்பன் டை ஆக்சைடு, பதினாறு. எழுத்துப்பிழை, வரி மாறியது, எண் விட்டுப்போனது என்று பதினாலு இடம் அகப்பட்டது. எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்தாள். புத்தகம் நன்றாக இருந்தது. காலை நீட்டி உட்காரும் ஜோடியும் அதில் இருந்தது, படத்தோடு. படிக்கப் படிக்க நெஞ்சுக்குள் ஏதோ கரகரவென்று அரைத்தது.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஓசோன். மூன்று ஆக்சிஜன், ஆளுக்கு ஆறு, மொத்தம் பதினெட்டு. அவள் எண்ணினாள். ஒரு பக்கம் இரட்டைக்கோடு, நாலு. மறுபக்கம் ஒற்றைக்கோடு, இரண்டு. இடது ஆக்சிஜன் மேல் இரண்டு ஜோடி, வலது ஆக்சிஜன் மேல் மூன்று ஜோடி. பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறுதான். நடு ஆக்சிஜனின் தலை மொட்டையாக இருந்தது. பக்கத்திலேயே, மூலக்கூறு வளைந்திருப்பதற்கு நடு அணுவின் தனி இணைதான் காரணம் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. படத்தில் அந்த இணையைக் காணோம்.

பென்சில் முனை அந்த இடத்துக்கு மேலே நின்றது. கீழே மாமியார் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "சின்ன மருமகள் புத்தகம் எழுதியிருக்கா. அட, அச்சு போட்ட புத்தகம்தான். நம்ம வீட்ல இப்படி ஒருத்தி வருவான்னு யாரு நினைச்சா."

மூத்தவள் பக்கத்தைத் திருப்பினாள். பத்து பக்கம் தள்ளிப் போய்விட்டுத் திரும்ப வந்து அதே பக்கத்தைப் பார்த்தாள். மறதியாக விட்டதாகத் தன்னிடமே பிறகு சொல்லிக்கொள்ள முடியாதபடி நன்றாகப் பார்த்தாள். அப்புறம் மூடி வைத்தாள்.

"பதினாலு இடம் குறிச்சிருக்கேன்" என்று சாயங்காலம் கொடுத்தாள்.

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான்."

இளையவள் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அடுத்து வந்த மூன்று மாதமும் மூத்தவளுக்கு ஒரு மாதிரி நிம்மதியாகவே கழிந்தது. மாமியார் புகழ்ந்தாலும், கொழுந்தன் பெருமையடித்தாலும், பிள்ளைகள் சின்ன மிஸ் சின்ன மிஸ் என்று உருகினாலும் அவளுக்கு முன்போல எரியவில்லை. பதினெட்டு வரை எண்ணத் தெரியாதவள்தானே என்று உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வாள். உடனே குளிர்ந்துவிடும்.

புத்தகம் வந்தது. இளையவள் முதல் பிரதியை அவளிடம்தான் கொடுத்தாள். உள் அட்டையைத் திருப்பினால், எழுதியவர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், "ஒவ்வொரு எலக்ட்ரானையும் எண்ணிச் சரிபார்த்தவர்" என்று போட்டு மூத்தவளின் பெயர் பட்டத்தோடு இருந்தது.

"உங்ககிட்ட சொல்லாமலே போட்டேன் அக்கா. சொன்னா வேணாம்னுடுவீங்க."

மூத்தவள் தன் பெயரை மறுபடி ஒருமுறை படித்தாள். "எத்தனை பிரதி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆயிரம்."

மூன்றாவது வாரம் வெளியூர் ஆசிரியர் ஒருவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் வகுப்புக்கு அறுபது பிரதி வாங்கியதாகவும், புத்தகத்தைப் பார்த்துப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் தேர்வில் ஓசோனுக்கு நடு இணையை விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், சரிபார்த்தவருக்குப் பதினாறுக்கு மேல் எண்ண வராதோ என்று கேட்டிருந்தார்.

சேதி ஊர் முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் மூத்தவள் மாடிக்குப் போனபோது பலகையில் ஓசோன் வரைந்திருந்தது. கீழே, "காணவில்லை: எலக்ட்ரான், இரண்டு. கடைசியாகப் பார்த்தவர் டீச்சரம்மா" என்று எழுதியிருந்தது. பெஞ்சில் இருந்த எல்லாரும் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள். ஒருத்தியின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் பலகையைத் துடைத்தாள். "நைட்ரேட். எண்ணுங்க" என்றாள்.

இளையவளின் தப்பாக மட்டுமே நின்றிருந்தால் ஊர் இளையவளைப் பார்த்துச் சிரித்திருக்கும். அதற்காகத்தானே விட்டது. இப்போது பார்த்தால் சிரிப்பெல்லாம் இவள் பக்கம் திரும்பிவிட்டது. எழுதியவள் அவசரத்தில் விட்டிருப்பாள், பாவம், பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லையே என்றுதான் எல்லாரும் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதிப்பகத்துக்காரர் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். மாமியார், இரண்டு மருமகள்கள், மூத்தவளின் கணவன் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அவர் கட்டைப் பிரித்து ஒரு தாளை இளையவள் முன்னால் வைத்தார்.

"இது நீங்க கொடுத்த கையெழுத்துப் பிரதிம்மா. பாருங்க. நடு ஆக்சிஜன்ல ரெண்டு புள்ளி அழகா வச்சிருக்கீங்க. எங்க ஆளு கணினியில ஏத்தும்போது விட்டுட்டான். உங்க மேல துளி தப்பு இல்ல."

மூத்தவள் அந்தத் தாளைப் பார்த்தாள். மூன்று மாதம் அவளைத் தூங்கவைத்த தப்பு. அதுகூட இளையவளுடையது இல்லை.

"மெய்ப்புல பிடிச்சிருக்கணும்" என்றார் அவர், மூத்தவளைப் பார்க்காமல். "ஆயிரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வித்துப்போச்சு."

"தொண்ணூத்தாறு பக்கம் சார்" என்றாள் இளையவள் சட்டென்று. "வீட்டையும் பார்த்துக்கிட்டு, டியூஷனும் எடுத்துக்கிட்டு, எனக்காக உட்கார்ந்து பார்த்தாங்க. மனுஷக் கண்ணுதானே. அவங்களுக்கும் வயசாகுது. சின்னச் சின்னப் புள்ளி, தெரியாம போயிருக்கும். அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

திட்டியிருந்தால் மூத்தவள் பொறுத்திருப்பாள். இளையவள் பரிந்து பேசியதுதான் சுட்டது. முப்பத்தொன்பது வயதில் கண் தெரியாத கிழவியாகி, இவள் தயவில் மன்னிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

"என் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள். "அதை நான் அன்னைக்கே பார்த்தேன். ரெண்டு தடவை எண்ணினேன். பதினாறு இருந்துச்சு."

பதிப்பகத்துக்காரர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் பதிப்பகத்துக்காரர் புரியாமல். "அப்புறம் ஏன் குறிக்கல?"

மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இளையவள் முகத்தில் முதலில் குழப்பம் இருந்தது, பிறகு ஒவ்வொன்றாக விளங்குவது தெரிந்தது. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. தாளை மடித்துக் கட்டோடு சேர்த்து வைத்தாள்.

"கிடங்குல இன்னும் எத்தனை பிரதி இருக்கு சார்?"

"அறுநூத்தி நாப்பது."

"சரி" என்று எழுந்து உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சில் அக்கா என்ற சொல் நின்றுபோனது. "கேஸ் தீர்ந்துடுச்சு." "அத்தைக்கு மாத்திரை கொடுத்தாச்சு." சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவாள். மாமியார் மூத்தவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே பெரிய பேச்சாக இருந்தது. கணவன் மட்டும் இரண்டு நாள் கழித்து, "நிஜமாவே பார்த்துட்டு விட்டியா?" என்றான்.

"ஆமா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க அவகிட்ட சொல்லியிருப்பீங்க."

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, சொல்லியிருப்பேன்" என்றான்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூத்தவள் பதிப்பகத்தின் கிடங்குக்குப் போனாள். பிழைத்திருத்தச் சீட்டு அச்சடித்து ஒட்டலாம் என்றிருந்தார் பதிப்பகத்துக்காரர். "சீட்டு உதிர்ந்துடும். ரெண்டு புள்ளிதானே, நான் கையால வச்சுத் தரேன்" என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பவும் இவள் கையிலா என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் மேசையையும் விளக்கையும் காட்டிவிட்டுப் போனார்.

கிடங்கில் காகிதமும் பசையும் கலந்த வாசனை. இருபது இருபதாகக் கட்டின கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. கட்டைப் பிரித்து, அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, நடு ஆக்சிஜன் தலையில் மெல்லிய கறுப்புப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, மை காய ஊதி, மூடி அடுத்ததை எடுக்க வேண்டும். பக்கம் வழவழப்பாக இருந்ததால் மை சீக்கிரம் காயவில்லை. முதல் நாள் நூற்றிருபது முடிந்தது. இரண்டாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் இளையவள் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றாள். ஒரு கட்டை இழுத்து, மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள். அரைமணி நேரத்தில் அந்தக் கட்டை முடித்தாள்.

"எதுக்கு அப்படிப் பண்ணீங்க?" என்றாள் தலை நிமிராமல்.

மூத்தவள் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நிறுத்தினாள். "இந்தப் பதிப்பகத்துக்காரரு முதல் நாள் வீட்டுக்கு வந்தாரே. என்னைத் தேடித்தான் வந்திருக்காருன்னு நோட்டெல்லாம் தூக்கிக்கிட்டு இறங்கி வந்தேன்."

இளையவளின் பேனா நின்றது. "எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருக்க வேண்டாம்."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதியிருக்கலாம்."

"அதுவும் எனக்குப் பிடிச்சிருக்காது" என்றாள் மூத்தவள்.

இளையவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. "எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள். "எப்போ போகும்னும் தெரியல. பிள்ளைங்க மார்க் போச்சு பாருங்க, அதை நினைச்சா இன்னும் வருது."

"வரட்டும்."

வேலை தொடர்ந்தது. இளையவள் மூன்று வைக்கும் நேரத்தில் மூத்தவள் இரண்டு வைத்தாள். அதைக் கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கவனித்தாள்.

நாலாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. இளையவள் முடித்தவற்றைத் திரும்பக் கட்டுவதற்காக அடுக்கிக்கொண்டே ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்தாள். மூத்தவள் வைத்த அடுக்கில் பாதியில் ஒரு பிரதியில் அவள் கை நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் அதைத் திருப்பி மூத்தவள் பக்கம் தள்ளினாள்.

"இது ஒண்ணு தப்பாயிருக்கு."

மூத்தவள் குனிந்தாள். இரண்டு புள்ளியும் வலது ஆக்சிஜன் மேல் விழுந்திருந்தது. ஏற்கெனவே மூன்று ஜோடி இருந்த இடத்தில் நாலாவது. நடு ஆக்சிஜன் வெறுமையாகவே இருந்தது. கழுத்துவலியில், அசதியில், எண்ணாமல் வைத்தது. இந்த முறை அவள் நிஜமாகவே பார்க்கவில்லை.

இளையவள் நினைத்திருந்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். கூடத்தில் எல்லார் முன்னாலும் விரித்திருக்கலாம். மூத்தவளாக இருந்தால் கட்டோடு கட்டாக வைத்து அனுப்பிவிட்டு மூன்று மாதம் குளிர்ந்திருப்பாள். இவள் சொல்லிவிட்டாள். மூன்று சொல்லில், மூச்சுக்கூட மாறாமல், சொல்லிவிட்டு அடுத்த பிரதியைத் திறந்துவிட்டாள்.

அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறதே என்று மூத்தவளுக்கு அதன்மேலும் பொறாமையாக இருந்தது. பிளேடை எடுத்து, தப்பான புள்ளிகளை மெல்லச் சுரண்டத் தொடங்கினாள்.